தெரிந்தும் செய்ய முடியாதபோது: ஏ.டி.எச்.டி. உள்ள இளம் வயதினருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று மருத்துவத் தமிழிலும் ஏ.டி.எச்.டி. என்று அன்றாடப் பேச்சிலும் வழங்கும் நிலை, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கினாலும், பலருடைய வாழ்க்கையை வெளிப்படையாகத் தடுமாற வைப்பது இருபது வயதையொட்டிய ஆண்டுகளில்தான். பள்ளியில் மணி அடித்தது, பாடவேளை மாறியது, வீட்டுப்பாடம் எங்கே என்று ஆசிரியர் கேட்டார், காலையில் யாரோ ஒருவர் எழுப்பிவிட்டார். கல்லூரியிலும் முதல் வேலையிலும் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விலகிக்கொள்கின்றன. அதுவரை பிறர் செய்துவந்த திட்டமிடலையும் நினைவூட்டலையும் கண்காணிப்பையும் அந்த இளைஞரின் மூளையே தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கும் முன்மூளைப் பகுதிகள்தாம் இக்கோளாற்றில் பிந்தி வளர்கின்றன. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஷா குழுவினர் 2007-இல் வெளியிட்ட மூளைப் பட ஆய்வில், இக்கோளாறு உள்ள குழந்தைகளின் பெருமூளைப் புறணி (மூளையின் வெளிப்படலம்) தன் உச்சத் தடிப்பை எட்டுவது ஏறத்தாழ 3 ஆண்டுகள் தாமதமாகிறது என்பதும், அந்தத் தாமதம் முன்பகுதியில் மிகுதியாக இருக்கிறது என்பதும் தெரியவந்தன.

கீழே உள்ள வழிமுறை முழுவதும் ஒரே கருத்தின் மேல் நிற்கிறது. இக்கோளாறு உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் நன்றாகவே தெரியும். தெரிந்ததைச் செய்ய வேண்டிய கணத்தில், செய்ய வேண்டிய இடத்தில்தான் அறுந்துபோகிறது. இத்துறையில் நீண்ட காலம் உழைத்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறார். ஆகவே அறிவுரையோ புதிய உறுதிமொழியோ இங்கே பயன் தருவதில்லை. அறுந்த இடம் எது என்று கண்டு, அந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துணையை நிறுத்துவதுதான் பழுது நீக்கும் வேலை. உங்களை மிகவும் வருத்தும் அறிகுறியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைத் தொடங்காதீர்கள், ஏனெனில் எது உதவியது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

எதையும் சரிசெய்யும் முன்: இது அதுதானா?

கவனம் சிதறுவது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, தைராய்டுச் சுரப்பு மாறுபாடு, இரத்தசோகை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், போதைப்பொருள் பயன்பாடு ஆகிய ஒவ்வொன்றும் ஏறக்குறைய இதே தோற்றத்தைக் கொடுக்கக்கூடும். பிரித்தறிய உதவும் முதல் கேள்வி, எப்போதிலிருந்து என்பதே. சென்ற ஆண்டு வரை சீராக இயங்கிய ஒருவருக்கு இந்த ஆண்டு திடீரென்று கவனம் குலைந்திருந்தால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர்களுக்கு, கவனக்குறைவுப் பட்டியலிலுள்ள 9 அறிகுறிகளில் 5, அல்லது மிகையியக்கமும் உந்துதலும் சேர்ந்த பட்டியலிலுள்ள 9 அறிகுறிகளில் 5, குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். அவை வீடு, படிப்பு, வேலை போன்ற சூழல்களில் இரண்டிலாவது தென்பட்டு, அன்றாட வாழ்க்கைக்கு இடையூறாகவும் இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட வயதுவந்தோருக்கான சுயமதிப்பீட்டுப் படிவத்தின் முதல் 6 கேள்விகள், மருத்துவரைப் பார்க்கத் தேவையிருக்கிறதா என்று அறிய உதவும். நோயை உறுதிசெய்ய அவை போதா. மருத்துவரிடம் போகும்போது பழைய பள்ளி அறிக்கைகளையும், சிறு வயதில் உங்களை அருகிலிருந்து பார்த்த ஒருவரையும் உடன் கொண்டுபோவது, உங்கள் நினைவை மட்டும் நம்பிப் போவதைவிடப் பல மடங்கு பயன் தரும். குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பில் தொந்தரவு செய்யாமல், சன்னலைப் பார்த்தபடி அமைதியாகக் கனவு கண்டுகொண்டிருந்த குழந்தைகளை, அவர்களிலும் பெண் குழந்தைகளை, பெரியவர்கள் கவனிக்காமலே விட்டிருக்கிறார்கள். ஓடியாடித் திரியவில்லை என்பதற்காக இக்கோளாறு இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அறிகுறி: வேலையைத் தொடங்கவே முடியவில்லை

இளம் வயதினர் சொல்லும் முறையீடுகளில் இதுவே முதன்மையானது. சுற்றியிருப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். மடிக்கணினி திறந்திருக்கிறது, ஆவணத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது, சுட்டி மினுக்கிக்கொண்டிருக்கிறது. அவர் எழுந்து தண்ணீர் குடிக்கிறார், வந்து உட்காருகிறார், மின்னஞ்சலைப் பார்க்கிறார், மேசையைத் துடைக்கிறார். மூன்று மணி நேரம் கழிந்தபின், வேலையும் செய்யாமல் ஓய்வும் எடுக்காமல் களைத்துப்போகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தெரிகிறது. சோம்பலில் ஒரு நிம்மதி இருக்கும். இங்கே இருப்பது வேதனை.

முதல் சோதனையாக, உங்கள் பட்டியலில் அந்த வேலை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். “ஆய்வேடு” என்றோ “வரி” என்றோ ஒற்றைச் சொல்லாக இருந்தால், அறுந்த இடம் அங்கேயே கிடைத்துவிட்டது. அந்தச் சொல்லைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதை உடைத்து, வரிசைப்படுத்தி, எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இக்கோளாற்றில் மிகவும் நலிந்திருப்பதும் அந்தத் திறன்தான். ஆகவே கையால் செய்யக்கூடிய முதல் அசைவை மட்டும் எழுதுங்கள். “ஆய்வேட்டுக் கோப்பைத் திறந்து, இரண்டாம் அத்தியாயத்தின் மூன்று துணைத் தலைப்புகளைத் தட்டச்சு செய்வது” என்று எழுதினால், உட்கார்ந்தபின் யோசிக்க எதுவும் மிஞ்சாது. முடிந்தால் இந்தப் பிரிப்பு வேலையை முந்தின நாளே செய்துவிடுங்கள். திட்டமிடுவதும் செய்வதும் ஒரே அமர்வில் நடந்தால், திட்டமிடுவதிலேயே ஆற்றல் தீர்ந்துவிடுகிறது.

முதல் அசைவு தெளிவாக இருந்தும் கை போகவில்லை என்றால், இரண்டாவது சோதனைக்கு வாருங்கள்: இந்த வேலையின் பலன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? பல வாரங்களுக்குப் பின் கிடைக்கப்போகும் மதிப்பெண்ணோ பாராட்டோ இந்த மூளையை இப்போது அசைப்பதில்லை. தாமதித்துக் கிடைக்கும் பலனை இக்கோளாறு உள்ளவர்கள் பிறரைவிட வெகுவாகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதும், காத்திருப்பதையே அவர்கள் தவிர்க்க முனைகிறார்கள் என்பதும் ஆய்வுகளில் பலமுறை தெரியவந்தவை. எனவே பலனை அருகில் கொண்டுவர வேண்டும். அதற்கு நான் அறிந்தவற்றுள் எளியதும் உறுதியானதும், இன்னொருவரை உடன் இருத்திக்கொள்வதே. பாடி டபுளிங் என்று சொல்லப்படும் இந்த முறையில், உடனிருப்பவர் உங்களுக்கு உதவ வேண்டியதில்லை, மேற்பார்வை பார்க்கவும் வேண்டியதில்லை. அவர் தம் வேலையைச் செய்துகொண்டு அதே அறையிலோ காணொளி அழைப்பிலோ இருந்தால் போதும். தொடங்கும்போது இன்னதைச் செய்யப்போகிறேன் என்றும், முடிக்கும்போது இன்னதைச் செய்தேன் என்றும் அவரிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

மூன்றாவது சோதனை சற்றுச் சங்கடமானது. அந்த வேலையை நினைத்தவுடன் வயிற்றில் ஏதேனும் இறுக்கம் தெரிகிறதா? அப்படியானால் தடுப்பது கவனக்குறைவு மட்டுமன்று. முன்பு தோற்றதன் நினைவும், ஏற்கெனவே தாமதமாகிவிட்டதால் வரும் வெட்கமும் சேர்ந்து வேலையைத் தொட விடாமல் செய்கின்றன. இந்நிலையில் வேலையை இன்னும் சிறிதாக்குவதால் பயனில்லை. அச்சத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். பேராசிரியருக்கோ மேலாளருக்கோ, தாமதமாகிவிட்டது, இன்ன தேதிக்குள் இன்ன பகுதியைத் தருகிறேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புவதே அன்றைய முதல் அசைவாக இருக்கட்டும். அனுப்பிய பிறகு கோப்பைத் திறப்பது எளிதாகிறது.

இம்மூன்றையும் கடந்தவர்களுக்கு ஓர் இணைப்பு முறை உண்டு. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து பரவலாக்கிய “இது நடந்தால் அதைச் செய்வேன்” என்னும் வடிவத்தில் திட்டத்தை எழுதுவதுதான் அது. “நாளை படிப்பேன்” என்பது விருப்பம் மட்டுமே. “காலை உணவுத் தட்டைக் கழுவி வைத்தவுடன், மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறப்பேன்” என்று எழுதினால், தொடங்கும் பொறுப்பு உங்கள் மன உறுதியிலிருந்து தட்டுக்கு மாறிவிடுகிறது.

அறிகுறி: நேரம் போவதே தெரியவில்லை, எங்கும் தாமதம், எதிலும் கடைசி நிமிடம்

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைத் திட்டமிடல் பிழை என்று அடையாளம் காட்டினார்கள். இக்கோளாற்றில் அதனோடு இன்னொன்றும் சேர்கிறது: கழிந்துகொண்டிருக்கும் நேரத்தை உள்ளுக்குள் உணரும் திறனே தளர்ந்திருக்கிறது. இருப்பது “இப்போது”, “இப்போது அல்லாதது” என்னும் இரண்டு காலங்கள்தாம். மூன்று வாரம் தள்ளியிருக்கும் தேர்வு இரண்டாவதில் இருக்கும்வரை அது இல்லாததற்கு ஒப்பாகும்.

முதலில் அளந்து பாருங்கள். குளித்து உடுத்துவது, அறையிலிருந்து வகுப்புக்குப் போவது, ஒரு பக்கம் எழுதுவது என அன்றாடம் செய்யும் நான்கைந்து வேலைகளுக்கு உங்கள் மதிப்பீட்டை எழுதிவைத்து, பிறகு கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பலருக்குத் தாமதத்தின் ஊற்றுக்கண் பயண நேரத்தில் இருப்பதில்லை. சாவியைத் தேடுவது, காலணி அணிவது, மின்தூக்கிக்குக் காத்திருப்பது, வண்டியை நிறுத்த இடம் தேடுவது ஆகியவை கணக்கிலேயே வராமல் போகின்றன. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் வழக்கமான தாமதத்தின் அளவு அப்படியே கிடைத்துவிடும்.

அடுத்து, கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். 10 மணிக்கு வகுப்பு என்றால் உங்கள் நினைவூட்டலில் 10 மணி இருக்கவே கூடாது; கதவைத் தாண்ட வேண்டிய 9.25-தான் இருக்க வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பு இன்னொரு மணி அடிக்கட்டும், அதன் பொருள் “கையிலுள்ளதை முடி” என்பதாக மட்டும் இருக்கட்டும். ஒரே ஓசையுள்ள பல நினைவூட்டல்கள் சில நாளில் காதில் விழாமல் போய்விடுகின்றன. பார்க்காமலே விரல் அவற்றை அணைத்துவிடும். எனவே வெவ்வேறு ஓசைகளைப் பயன்படுத்துங்கள், மிக முக்கியமான ஒன்றை எழுந்து போனால்தான் அணைக்க முடியும் என்கிற தொலைவில் வையுங்கள். முள் நகர்வது தெரியும் கடிகாரம் ஒன்று மேசையிலும் குளியலறையிலும் இருப்பது, கைப்பேசியின் எண்களைவிட நேரத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும்.

நீண்ட கால வேலைகளுக்கு இது போதாது. மாதக் கடைசியில் தர வேண்டிய அறிக்கைக்கு நீங்களே இடைக்காலத் தேதிகளைக் குறித்துக்கொண்டால், அவை போலியானவை என்று உங்கள் மூளைக்குத் தெரியும். இன்னொருவர் காத்திருக்கும் தேதியாக அவற்றை மாற்றுங்கள்: வெள்ளிக்கிழமை நண்பர் படித்துப் பார்ப்பார், செவ்வாய்க்கிழமை வழிகாட்டி பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் என்பதுபோல. கடைசி நிமிட நெருக்கடியில் உங்களால் அபாரமாக வேலை செய்ய முடிகிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்கான விலையைத் தூக்கத்திலும் உடல்நலத்திலும் திருத்திப் பார்க்க நேரமில்லாத பிழைகளிலும் நீங்கள் கட்டுகிறீர்கள்.

இதன் மறுபக்கமாக, பிடித்த வேலையில் இறங்கினால் உணவும் உறக்கமும் மறந்து பல மணி நேரம் மூழ்கிப்போவதும் நடக்கும். இதைப் பார்த்துவிட்டு, உனக்கா கவனக்குறைவு என்று பிறர் கேட்பார்கள். கவனம் இல்லாமல் போவது இங்கே குறையன்று. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பவும் வேண்டியபோது விடுவிக்கவும் முடியாமையே குறை. மூழ்கும் முன்பே வெளியேறும் வழியை ஏற்படுத்திவிடுங்கள்: குறித்த நேரத்தில் ஒருவர் வந்து தோளைத் தொடுவது, கணினி தானாக அணைவது போன்றவை.

அறிகுறி: படிக்கிறேன், கேட்கிறேன், எதுவும் நிற்கவில்லை

பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபின், முதல் வரியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை என்று தெரிகிறது. கூட்டத்தில் மூன்று பணிகள் சொல்லப்பட்டன. வெளியே வரும்போது ஒன்றுதான் கையில் இருக்கிறது. இங்கே சிதறடிப்பது வெளியிலிருந்து வருகிறதா, உள்ளிருந்து வருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

வெளியிலிருந்து என்றால் தீர்வு எளிது. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பதும் ஓசையை அடக்குவதும் அரைகுறைத் தீர்வுகள், ஏனெனில் அதை எடுக்காமல் இருப்பதற்கே கவனத்தில் ஒரு பங்கு செலவாகிறது. முழு அமைதி சிலருக்கு ஒத்துவராது. சொற்கள் இல்லாத சீரான பின்னணி ஒலி அவர்களுக்கு உதவக்கூடும்.

உள்ளிருந்து என்றால், அதாவது படித்துக்கொண்டிருக்கும்போதே, கட்டணம் கட்ட வேண்டும், அவருக்குப் பதில் எழுத வேண்டும், அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று ஒவ்வொன்றாக எழுந்துகொண்டே இருந்தால், ஸ்டீவன் சாஃப்ரனும் அவருடைய குழுவினரும் வயதுவந்தோருக்காக வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை) ஓர் எளிய உத்தி இருக்கிறது. உங்களால் இயல்பாக எத்தனை நிமிடம் ஒரே வேலையில் நிற்க முடிகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அது 12 நிமிடம் என்றால், வேலையை 12 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, எழும் ஒவ்வொரு எண்ணத்தையும் அதில் ஓரிரு சொற்களில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். துண்டு முடிந்தபின் தாளைப் பாருங்கள். குறித்தபோது அவசரமாகத் தோன்றியவற்றில் பெரும்பாலானவை அப்போது அவசரமாக இருக்காது. வேலையை நிலையான நேரத் துண்டுகளாகப் பிரிக்கும் பொமடோரோ முறையின் 25 நிமிடம் எல்லாருக்கும் பொருந்தும் என்று எண்ணித் தோற்றுப்போகிறவர்கள் உண்டு. அளவு உங்களிடமிருந்து வர வேண்டும். நிலைத்த பிறகு மெல்ல நீட்டிக்கொள்ளலாம்.

கேட்டது நிற்காததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. கணநேரம் தகவலைப் பிடித்துவைத்து, அதன் மேல் வேலை செய்ய உதவும் செயல் நினைவாற்றல் இக்கோளாற்றில் பெரும்பாலும் குன்றியிருக்கிறது. எனவே வாய்மொழியாகச் சொல்லப்படும் எதையும் நினைவை நம்பி வாங்கிக்கொள்ளாதீர்கள். “நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்” என்று திரும்பச் சொல்வதும், அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சலாக அதை எழுதி அனுப்புவதும் எந்த அலுவலகத்திலும் மரியாதைக்குரிய பழக்கங்களே. அதற்காக உங்கள் நோயைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அறிகுறி: பொருள்கள் தொலைகின்றன

சாவி, பணப்பை, அடையாள அட்டை, மருந்து ஆகிய நான்கிற்கும் கதவருகே ஒரே ஒரு திறந்த தட்டு. மூடியுள்ள பெட்டி வேண்டாம், அலமாரியின் உட்புறம் வேண்டாம். கண்ணுக்கு மறைவது நினைவுக்கும் மறைகிறது. வீடு முழுவதையும் ஒழுங்குபடுத்தும் திட்டத்தை இப்போது தொடங்காதீர்கள்.

அறிகுறி: சொல்லும் முன், வாங்கும் முன், விலகும் முன் யோசிக்க முடியவில்லை

பிறர் பேச்சை இடைமறிப்பது, கோபத்தில் அனுப்பிய செய்தி, தேவையில்லாத பொருளுக்குப் போன பணம், ஒரே பிற்பகலில் எடுத்த வேலைவிலகல் முடிவு ஆகியவை வெவ்வேறு குற்றச்சாட்டுகளாகத் தோன்றினாலும் பழுது ஒன்றே: தூண்டலுக்கும் செயலுக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி மிகக் குறுகியது. உள்ளுக்குள் அந்த இடைவெளியை வளர்ப்பது கடினம். வெளியே உண்டாக்குவது எளிது. இணையக் கடைகளில் சேமித்துவைத்த அட்டை விவரங்களை நீக்கிவிடுங்கள்; ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் அட்டையை எடுத்து 16 எண்களைத் தட்ட வேண்டியிருப்பதே ஒரு தடையாகும். வேண்டிய பொருளை ஒரு பட்டியலில் தேதியோடு எழுதி ஒரு நாளாவது காத்திருங்கள். சம்பளம் வந்த நாளிலேயே வாடகையும் சேமிப்பும் தானாகப் பிரிந்துபோகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். சினத்தில் எழுதும் பதிலைப் பெறுநர் முகவரி இல்லாத வரைவில் எழுதுங்கள்.

உணர்ச்சி சட்டென்று பொங்கி, அதே வேகத்தில் அடங்கிவிடுவது பலருக்கு உண்டு. உங்களுக்கு அடங்கிவிட்டது என்பதால் எதிரிலிருப்பவருக்கும் அடங்கிவிட்டது என்று பொருளில்லை. நெருங்கியவர்களோடு அமைதியான வேளையில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: நான் பத்து நிமிடம் வெளியே போய்வருகிறேன் என்று சொன்னால், அது விலகிப்போவதாகாது, திரும்பி வந்து பேசுவேன் என்பதற்கான உறுதி. அதேபோல, பிறந்தநாளை மறந்ததை அன்பின்மை என்று அவர்கள் எடுத்துக்கொள்ளும்போது, கோளாற்றைக் காரணம் காட்டி நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த முறை மறக்காமலிருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். விளக்கம் அவர்களுடைய மனக்காயத்தை ஆற்றாது. நாள்காட்டியில் தெரியும் குறிப்பு ஓரளவு ஆற்றும்.

வாகனம் ஓட்டுவதில் மட்டும் பரிசோதனைக்கு இடமில்லை. இக்கோளாறு உள்ளவர்களுக்கு விபத்து வாய்ப்பு கூடுதல் என்பதும், மருந்து எடுத்துக்கொள்ளும் காலங்களில் அது குறைகிறது என்பதும் பெரிய அளவிலான பதிவேட்டு ஆய்வுகளில் தெரியவந்திருக்கின்றன. ஓட்டும்போது கைப்பேசி கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும், வழிகாட்டும் வரைபடத்தைப் புறப்படும் முன்பே அமைத்துவிடுங்கள், தூக்கம் குறைந்த நாளில் ஓட்டாதீர்கள்.

அறிகுறி: இரவில் உறக்கமில்லை, காலையில் எழ முடியவில்லை

இக்கோளாறு உள்ள பெரியவர்களில் பலருக்கு உடற்கடிகாரமே பிந்தி ஓடுகிறது. மாலையில் சுரக்க வேண்டிய மெலடோனின் என்னும் உறக்க இயக்குநீர் தாமதமாகச் சுரக்கிறது. ஆகவே இரவு சீக்கிரம் படுக்கப் போவதிலிருந்து தொடங்கினால் இருட்டில் விழித்துக் கிடப்பதுதான் மிஞ்சும். விடுமுறை நாள் உட்பட எழும் நேரத்தை ஒன்றாக நிலைநிறுத்தி, எழுந்தவுடன் வெளிச்சத்தில் நில்லுங்கள். படுக்கும் நேரம் அதைத் தொடர்ந்து முன்னே வரும். உடலில் காபீனின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், பிற்பகலுக்குப் பின் காபியையும் ஊக்கப் பானங்களையும் நிறுத்துங்கள். மருந்து எடுத்துக்கொள்பவர்கள், கடைசி வேளை மருந்து தாமதமாகிறதா என்று மருத்துவரோடு பேசிப் பாருங்கள். கால்களில் இனம்புரியாத துடிப்பு, உரத்த குறட்டை, போதிய நேரம் தூங்கியும் தீராத பகல் அயர்வு ஆகியவை இருந்தால் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

அறிகுறி: சும்மா இருக்க முடியாத உள் பரபரப்பு

குழந்தையில் ஓட்டமாக இருந்தது, வளர்ந்தபின் பெரும்பாலும் உள்ளே குடியேறிவிடுகிறது: காலாட்டம், தொடர்ந்து ஓடும் எண்ணங்கள், ஓய்வு நாளில் வரும் எரிச்சல். இதை அடக்குவதற்குச் செலவிடும் முயற்சி கவனத்திலிருந்துதான் போகிறது. நின்றுகொண்டு படிப்பதும், நடந்துகொண்டே தொலைபேசியில் பேசுவதும், கடினமான வேலைக்கு முன் உடல் வியர்க்க இருபது நிமிடம் இயங்குவதும் அனுமதிக்கப்பட்டவை என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நான் ஒன்றுக்கும் உதவாதவன், உதவாதவள் என்ற எண்ணம் நீங்கவில்லை

பல ஆண்டுகளாக, மனம் வைத்தால் செய்யலாமே என்று கேட்டு வளர்ந்த ஒருவர் அதை உண்மையென்று நம்பத் தொடங்குவதில் வியப்பில்லை. மனச்சோர்வும் பதற்றமும் இக்கோளாற்றோடு மிகவும் அடிக்கடி சேர்ந்து வருகின்றன. அவற்றைத் தனியே கண்டறிந்து மருத்துவம் செய்ய வேண்டும். முன்பு பிடித்தவற்றிலும் இப்போது விருப்பம் இல்லை, இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கிறது என்றால், மேலே சொன்ன உத்திகளை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அதற்கு இன்றே, இப்போதே உதவி தேட வேண்டும்: நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள் அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

எல்லாம் செய்தும் போதவில்லை: மருந்தும் சிகிச்சையும்

மருந்தை எல்லா வழியும் அடைபட்ட பிறகு திறக்கும் கதவாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; நடுத்தரமான, தீவிரமான பாதிப்பு உள்ளவர்களுக்கு மருந்துதான் மற்ற உத்திகளைப் பிடித்துக்கொள்ளவே கைகொடுக்கிறது. 1944-இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட மெத்தில்பெனிடேட் என்னும் ஊக்க மருந்து, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களை அந்த அணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுத்து, அவை அணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் கூடுதல் நேரம் தங்க வழிசெய்கிறது. குறுகிய நேர வகை 3 முதல் 4 மணி நேரமே வேலை செய்யும். நீண்ட நேர வகைகளும் உண்டு. பசி குறைதல், உறக்கம் தள்ளிப்போதல், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்தல் ஆகியவை வழக்கமான பக்க விளைவுகள் என்பதால், இதயநோய் வரலாற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊக்க மருந்து ஒத்துவராதவர்களுக்கு அடோமாக்செட்டின் போன்றவை உள்ளன. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே பயனில்லை என்று விட்டுவிடக் கூடாது. தேர்வுக்கு முன் நண்பரின் மாத்திரையை வாங்கிப் போடுவதும், விடுபட்ட வேளைக்காக அடுத்ததை இரட்டிப்பாக எடுப்பதும் ஆபத்தானவை.

மருந்து கவனத்தைத் தரும்; அந்தக் கவனம் எதன் மேல் விழ வேண்டும் என்பதை அது தீர்மானிக்காது. மருந்து வேலை செய்யத் தொடங்கும் வேளையில் கையில் கைப்பேசி இருந்தால், நான்கு மணி நேரம் மிகுந்த கவனத்தோடு கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். ஆகையால் மாத்திரையை விழுங்கும் முன்பே கோப்பு திறந்திருக்கட்டும். மருந்து எடுத்தும் எஞ்சும் சிக்கல்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது என்பதைச் சாஃப்ரன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது.

அறிகுறி: வழிமுறை சில வாரம் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது

இது ஏறக்குறைய எல்லாருக்கும் நேரும். முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தால் இதில் அதிர்ச்சி இராது. புதுமை இருந்தவரை திட்டமிடும் ஏடு திறந்தது, புதுமை தேய்ந்ததும் அது மேசையின் பகுதியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. முதலில் சூழலில் ஏதும் மாறியதா என்று பாருங்கள்: அறை மாற்றம், புதிய கால அட்டவணை, உடனிருந்து வேலை செய்த நண்பர் ஊருக்குப் போனது. மாறியிருந்தால் அறுந்த கண்ணியை மட்டும் புதிய சூழலில் மீண்டும் கட்டுங்கள். எதுவும் மாறவில்லை என்றால், செய்யும் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள்: ஏட்டுக்குப் பதில் சுவரில் வெண்பலகை, பலகைக்குப் பதில் ஒட்டும் தாள், மணியோசைக்குப் பதில் அதிர்வு. பல ஏடுகள் பாதியில் நிற்பது குற்றமன்று, அவை தம் பங்கைச் செய்து முடித்தவை.

விடுபட்ட நாள்களின் வேலையை முழுவதுமாகத் தீர்த்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்குவேன் என்று இருக்காதீர்கள். பலர் அங்கேதான் நிரந்தரமாக நின்றுவிடுகிறார்கள். பழைய பட்டியலை அப்படியே ஓர் உறையில் போட்டு வையுங்கள். புதிய தாளில் நாளைக்கான மூன்று வேலைகளை, ஒவ்வொன்றிற்கும் கையால் செய்யும் முதல் அசைவோடு எழுதுங்கள். அந்தத் தாளை நாளை காலை நீங்கள் முதலில் தொடப்போகும் பொருளின் மேல் ஒட்டிவிட்டுப் படுக்கப் போங்கள்.